ஒரு சாண் தூரம்

டாக்டர் நல்லசிவம் என் கண்ணைப் பார்த்துவிட்டு என் பிள்ளையிடம் பேசினார். அதுதான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. கண் என்னுடையது. புரை வளர்ந்திருப்பதும் எனக்குத்தான். அடையாறில் அந்த நர்சிங் ஹோம் மாடியில், முகவாயை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கழுத்து வலிக்கக் குனிந்திருந்ததும் நான்தான். ஆனால் அவர் சுழல் நாற்காலியை வெங்கடரமணன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மாவுக்கு வலது கண்ணும் நல்லாப் பழுத்துடுச்சு சார். இடது கண்ணுக்குப் பண்ண மாதிரியே இதுக்கும் லென்ஸ் வச்சுடலாம். ரெண்டும் தூரத்துக்கு ஜம்முனு தெரியும்."

வெங்கடரமணன் பாங்கில் உட்கார்ந்து தலையை ஆட்டுவதுபோல ஆட்டினான். "பண்ணிடுங்கோ டாக்டர்."

"எனக்குத் தூரம் வேண்டாம்" என்றேன்.

இரண்டு பேரும் மேஜை பேசிவிட்டதைப்போல என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பக்கம் வேணும். ஒரு சாண் தூரத்துல இருக்கறது தெரியணும். முன்னெல்லாம் அரைச் சாண்ல பாத்துண்டிருந்தேன். வயசாச்சேன்னு ஒரு சாண் கேக்கறேன்."

நான் கோமளவல்லி. ஐம்பத்தேழு வயது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருக்கிறேன். கல்யாண வீடுகளுக்கு வைரம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கடை கிடையாது, போர்டு கிடையாது. தி. நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு மாடி அறையில் பீர் முஹம்மது பாய் கல் வியாபாரம் செய்கிறார். அவரிடம் இருக்கும் நூறு கல்லில் பத்தை நான் பொறுக்குவேன். அந்தப் பத்தைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டுக்குப் போவேன். என் ஆத்துக்காரர் செத்துப்போனபோது வெங்கடரமணனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து இதுதான்.

எனக்கு எட்டு வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி வந்துவிட்டது. மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது மனுஷனா மாடா என்று தெரியாது. ஆனால் கழற்றிவிட்டுக் கையை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால், விரல் ரேகையில் நிற்கும் வேர்வைப் புள்ளியை எண்ணிவிடுவேன். பெண் பார்க்க வந்த மூன்று குடும்பம் என்னை வேண்டாம் என்று சொன்னது இந்தக் கண்ணால். பிற்பாடு எனக்கும் என் பிள்ளைக்கும் சோறு போட்டதும் இந்தக் கண்தான். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடுக்கில் கல்லை வைத்து, வெறும் கண்ணால் பார்ப்பேன். கரும்புள்ளி, கீற்று, மஞ்சள் என்று கல்லின் குறையெல்லாம் தன்னால் வந்து நிற்கும்.

மூன்று வருஷம் முன்னால், தொண்ணூற்று மூன்றில், இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனபோது யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. உள்ளே வைக்கிற லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் பார்க்கும், அது எந்தத் தூரம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பதைக்கூட ஒருத்தரும் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்தார்கள். மொட்டைமாடியில் நின்றால் கோபுரத்துப் பொம்மைகளின் மூக்கும் முழியும் தெரிந்தன. வெங்கடரமணன் ஸ்வீட் வாங்கிவந்தான். நானும் இரண்டு நாள் பைத்தியம்போல ஜன்னலில் நின்று எதிர்வீட்டில் காயும் வடாத்தை எண்ணினேன். மூன்றாம் நாள் பாய் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தேன். இடது கண்ணுக்கு அது வெறும் வெள்ளை மசமசப்பு. கல் தெரியவில்லை. கல்லைப் பிடித்த என் விரலே தெரியவில்லை. அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் கையை என்னிடமிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

வலது கண் இருக்கிறதே என்று சமாளித்தேன். தெருவை இடதால் தாண்டுவது, கல்லை வலதால் பார்ப்பது என்று பழகிக்கொண்டேன். இப்போது அதிலும் புரை.

புரை என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மானம் போனாலும் பரவாயில்லை. மந்தைவெளியில் மதுவந்தி என்று ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். ஏழுகல் தோடு ஒரு ஜோடி கொடுத்தேன். எங்கள் பக்கம் வைரத்தைக் கையோடு வாங்கிவிட மாட்டார்கள். மூன்று நாள் வீட்டில் சுவாமி அலமாரியில் வைத்து ராசி பார்ப்பார்கள். நல்லது நடந்தால் எடுத்துக்கொள்வார்கள், ஏதாவது ஏடாகூடமானால் திருப்பிவிடுவார்கள். இரண்டாம் நாள் அந்த வீட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. தோடு திரும்பி வந்தது. மோட்டார் எரிந்ததற்குக் கல் என்ன செய்யும் என்று திட்டிக்கொண்டே பாயிடம் கொடுக்கப் போனேன். பாய் அதைத் தட்டில் வைத்தார், சாய்த்தார், தாடியைத் தடவினார்.

"அம்மா, இதுல ஒரு கல்லு மஞ்சளடிக்குதே. எப்படி எடுத்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை வலது கண்ணருகில் வைத்துப் பார்த்தும் ஏழும் ஒரே வெள்ளையாகத்தான் இருந்தன. கண்ணே மஞ்சளாகப் போனால் மஞ்சள் எங்கே தெரியும்? படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடதால் பார்த்தபோது தெரிந்தது. முன்னாடியே மாட்டிக்கொண்டு பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, என் வீம்பு. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு கல் என்னைத் தாண்டிப் போனதில்லை. இது போயிருக்கும். அந்த வீட்டு மோட்டார் புண்ணியத்தில் தப்பினேன்.

அதனால்தான் டாக்டர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கண் எனக்கு வேண்டும் என்று சொன்னேன்.

"அம்மா, யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

"கேக்கலாம்னு தெரிஞ்சாத்தானே கேப்பா? நீங்க யாருக்குச் சொன்னேள்?"

"ஒரு கண்ணு தூரம், ஒரு கண்ணு கிட்டன்னு வச்சா மூளை ஒத்துக்காது. தலைவலி வரும். தலை சுத்தும்."

"மூணு வருஷமா எனக்கு அப்படித்தானே இருக்கு? தலை வெடிச்சுதா? மாம்பலம் பஸ்ல தொத்திண்டு போகலையா?"

அவர் நாற்காலியை முதல் தடவையாக என் பக்கம் திருப்பினார். நியாயமான மனுஷர்தான். யாரும் எதிர்த்துக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

"கிட்டப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கலாமே அம்மா. நகைக்கடைல எல்லாம் பூதக்கண்ணாடி வச்சுத்தானே பார்க்கறாங்க?"

"பூதக்கண்ணாடில பாத்தா எந்தக் கல்லுலதான் குறை இல்லை? பொண்ணைப் பெத்தவா மிரண்டு போயிடுவா. சம்பந்தி மாமி கல்யாணக் கூட்டத்துல பூதக்கண்ணாடியா எடுத்துண்டு வரப்போறா? அவ வெறும் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது, அதைச் சொல்றதுதான் என் வேலை. அதுக்கு வெறும் கண் வேணும்."

இன்னும் நாலு காரணம் சொன்னேன். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கல்மேல் விழும், தலையைச் சாய்த்தால் கண்ணாடி நழுவும் என்றெல்லாம். காரணம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நான் கேட்டிருப்பேன். ஐம்பது வருஷமாக நான் பார்த்த விதம் அது. அதை மாற்றுவதென்றால் என்னைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

"அம்மா, டாக்டர் நல்லதுக்குத்தானே சொல்றார்" என்றான் வெங்கடரமணன்.

"நீ சும்மா இரு. ஏன் டாக்டர், அந்த லென்ஸை நான் பாக்கலாமா? மூணு நாள் ஆத்துல வச்சுண்டு ராசி பாத்துட்டுத் தரேன்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பிள்ளை, "அம்மா!" என்று காதில் கிசுகிசுத்தான். எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காதில் போடுகிற கல்லுக்கே ராசி பார்க்கிறோம், கண்ணுக்குள் போகிற கல்லுக்குப் பார்க்க வேண்டாமா? கிருமி படாமல் சீல் வைத்திருக்கும், மேஜைமேல்தான் பிரிப்போம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து காலிப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் மேல் பெரிதாக ஒரு நம்பர் அச்சடித்திருந்தது.

"இதுதான் பவர். ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் மாறும். உங்க கண்ணு நீளமான கண்ணு. தூரத்துக்கு வைக்கணும்னா பதினொண்ணு. நீங்க கேக்கற ஒரு சாணுக்கு..."

என் கட்டைவிரலைப் புருவத்தில் வைத்துச் சுண்டுவிரலை நீட்டச் சொன்னார். உதவிக்கு இருந்த பெண் ஸ்கேல் வைத்து அளந்தாள். இருபத்தொரு சென்டிமீட்டர். அவர் ஒரு தாளில் கூட்டிக் கழித்தார்.

"பதினேழு."

பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை நான் எந்தக் காலத்திலும் வாங்கியதில்லை. "உள்ள போறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியை எனக்குக் காட்டணும்" என்றேன். "காட்டச் சொல்றேன்மா" என்றார். என் கார்டில் பதினேழு என்று எழுதினார். வெளியே வந்ததும் வெங்கடரமணன் எனக்கு முன்னால் விடுவிடென்று படி இறங்கினான். கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். யோசனை பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

பதினைந்து நாள் கழித்து ஆபரேஷன். காலை ஏழு மணிக்கே என்னைப் பச்சைக் கவுனுக்கும் பச்சைத் தொப்பிக்கும் மாற்றிவிட்டார்கள். தோடு, மூக்குத்தி, படிக்கிற கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி என் மாட்டுப்பெண் நீரஜாவிடம் கொடுத்தாயிற்று. உள்ளே ஓர் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் நான். இன்னொன்றில் நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த கங்கம்மா. மீன் விற்கிறவள், என் வயதுதான் இருக்கும். சிஸ்டர் முத்துமாரி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். கண்மணி அகன்று அறையெல்லாம் பால் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது.

"அம்மா, ஊசி போடக் கூப்புடுறாங்க. போலாமா?"

"பெட்டியைக் காட்டு."

"இன்னா பெட்டி?"

"என் லென்ஸ் பெட்டி. டாக்டர் சொல்லியிருப்பார்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே தட்டிலிருந்து எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு சதுரம் தெரிந்தது, அவ்வளவுதான். வலது கண்ணில் புரையும் மருந்தும். இடது கண்ணுக்கோ பக்கத்தில் இருப்பது ஆகாது.

"தள்ளிப் பிடி."

ஒரு அடி தள்ளினாள்.

"இன்னும். வாசப்படிகிட்டப் போய் நில்லு."

"கிட்டக் காட்டுனா தெரியலன்றீங்க, எட்டப் போனா தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே போய் நின்றாள். பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள். இடது கண்ணால் பார்த்தேன். கோபுரத்துப் பொம்மைபோலப் பளிச்சென்று தெரிந்தது.

பதினொன்று.

அந்த இடது கண்ணை மூன்று வருஷமாக நான் திட்டிய திட்டையெல்லாம் அந்த ஒரு நிமிஷம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். கட்டிலை விட்டு இறங்கினேன்.

"அம்மா, எங்க போறீங்க? எறங்கக் கூடாது! செருப்பு கூட இல்ல!"

கவுனின் பின்பக்க முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வெளிக்கூடத்துக்கு வந்தேன். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடரமணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். அந்த எழுந்த விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பின்னாலேயே டாக்டர் முகமூடியோடு ஓடிவந்தார். "என்னம்மா? என்ன ஆச்சு?"

"பதினேழுன்னு எழுதினேள். பெட்டில பதினொண்ணு இருக்கே?"

அவர் குழம்பிப்போய் என் பிள்ளையைப் பார்த்தார். "சார்தானே போன வாரம் போன் பண்ணினார். அம்மா மனசு மாறிட்டாங்க, தூரத்துக்கே வச்சுடச் சொல்றாங்கன்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா?"

"வீட்டுல பேசி முடிவு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது.

நான் வெங்கடரமணன் பக்கம் திரும்பினேன்.

"எதுக்குடா?"

"அம்மா, இங்க வேண்டாம். உள்ள போய்ப் பேசலாம்."

"உள்ள போனாத்தான் கண்ணைக் கட்டிடுவாளே. இங்கயே சொல்லு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "அறுபது வயசாகப் போறது. இன்னும் பையைத் தூக்கிண்டு ஊரார் ஆத்துப் படியெல்லாம் ஏறி எறங்கறே. எங்க ரீஜனல் மேனேஜர் ஆத்துக்கே போயிருக்கே. அவர் எல்லார் எதிர்லயும், உங்கம்மாவா அந்த வைரத்து மாமின்னு கேக்கறார். எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டு கண்ணும் தூரத்துக்கு ஆயிடுத்துன்னா நீயே விட்டுட்டு எங்களோட வந்து இருப்பேன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

எனக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான் எதிர்பார்த்தேன். முதலில் வந்தது பயம். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் கண்ணில் ஊசி. அப்புறம் லென்ஸ். அப்புறம் ஒரு நாளும் திரும்பிவராது. கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

"என்னை வேலையை விடச் சொல்லணும்னா எம்மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன். நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் நீ எங்கிட்ட சொல்லலை. கண்ணை மாத்திட்டா வாயைத் திறக்க முடியாதுன்னு நெனச்சே. திருடன் கூட முழிச்சிண்டிருக்கறவா கண்ணுல கை வைக்க மாட்டான்டா."

"அம்மா..."

"டாக்டர், பதினேழு வைங்கோ."

டாக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அந்த நம்பர் இங்க கையில இல்லம்மா. சப்ளையர் தி. நகர்ல இருக்கார். இன்னிக்கு வீட்டுக்குப் போய்ட்டு, அடுத்த வாரம்..."

"வீட்டுக்குப் போக மாட்டேன். போனா இன்னொரு போன் போகும். இன்னிக்கே வைங்கோ. இவன் ஸ்கூட்டர்ல போய் வாங்கிண்டு வருவான்."

டாக்டர் சீட்டு எழுதினார். நான் அதை நீரஜாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். "பதினேழும்மா" என்றாள். சீட்டை அவனிடம் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். நான் அந்தக் கவுனோடும் தொப்பியோடும் வாசல் பெஞ்சில், எல்லோருக்கும் நடுவில், உட்கார்ந்துகொண்டேன். நீரஜா தன் தலைப்பை இழுத்து என் முழங்காலை மூடினாள். உள்ளே வந்து படுங்கள் என்று முத்துமாரி இரண்டு தடவை கெஞ்சினாள். மாட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து இன்னொரு பச்சைக் கவுன் வந்தது. கங்கம்மா. என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா சமாச்சாரம்? கண்ணாடியில நம்பர் கீதாமே? எனுக்கு இன்னா நம்பர் வச்சிக்கிறாங்க?"

"போய்க் கேளு."

"சிஸ்டரு! எனுக்கு இன்னா நம்பரு?"

முத்துமாரி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய் வந்தாள். "இருபத்தொண்ணு. தூரத்துக்கு. போதுமா?"

கங்கம்மா யோசித்தாள். அவளுக்கு எது வேண்டும் என்று அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு திருப்தியாகத் தலையாட்டினாள். "அது சரி, எனுக்குத் தூரந்தான் வோணும். ரோட்டாண்ட கூடைய வச்சிக்கினு குந்திக்கினு இருக்கேன். கார்ப்பரேசன் லாரி வர்றது தெரிஞ்சா தூக்கிக்கினு ஓடிருவேன். மீனு எனுக்குத் தொட்டாலே தெரியும், அதுக்குக் கண்ணு எதுக்கு?"

அவ்வளவுதான். கூடத்தில் தீ பிடித்துக்கொண்டது. ஒரு ரிட்டையர்டு மனுஷர் எழுந்து, தனக்குப் பேப்பர் படிக்கத்தான் வேண்டும், தெருவில் போகிறவனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றார். அவர் மனைவி, இல்லை, ராத்திரி பாத்ரூம் படி தெரிய வேண்டும், தூரமே இருக்கட்டும் என்றாள். ஒருத்தர் கார்டை ஒருத்தர் வாங்கிப் பார்த்தார்கள். முத்துமாரியை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் உள்ளே போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வெங்கடரமணன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியை என் கையில் கொடுக்க வந்தான்.

"அங்கயே நில்லு. அங்கேர்ந்தே காட்டு."

வாசலில் நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். பதினேழு. நெற்றி வேர்வையைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை. எனக்கும் மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. ஆனால் நான் கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே போகும்முன் இன்னொரு காரியம் இருந்தது. சம்மதப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கீழே அவன் கையெழுத்து இருந்தது. பேனாவை வாங்கி அதைக் குறுக்கே அடித்துவிட்டு, நீரஜா இடம் காட்ட, கோமளவல்லி என்று நானே போட்டேன். கண் மங்கியதில் எழுத்து மேலும் கீழும் ஓடியது. ஓடினால் என்ன, என் பெயர்தானே.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நாற்பது நாளைக்குச் சொட்டு மருந்து, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது. அதனால் அடையாறு காந்தி நகரில் பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அவனும் நானும் காபி, சாப்பாடு என்கிற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து டாக்டர் வலது கண்ணுக்கு மட்டும் சார்ட் காட்டினார். மேலே இருக்கிற பெரிய எழுத்து ஒன்றைச் சொன்னேன். அடுத்த வரி தெரியவில்லை. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். வெங்கடரமணன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஈசிசேரில் சாய்ந்திருந்தேன். அவன் எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல நாளாக உள்ளே வைத்திருந்தது அன்றைக்கு வெளியே வந்தது.

"மத்தவாளெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்கறா. உனக்கு ஒரு எழுத்துக்கு மேல தெரியலை. ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கினதுக்கு என்னம்மா லாபம்? அப்படி என்னதான் தெரியறது உனக்கு அந்தக் கண்ணால?"

நான் பதில் சொல்வதற்குள் நீரஜா மருந்தோடு வந்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, முகம் சுளிக்காமல், அவள்தான் விட்டாள். என் தலையை நிமிர்த்தி, கண்ணிமையை விரலால் விலக்கி, மேலே குனிந்தாள்.

அவள் காது என் முகத்துக்கு நேரே வந்தது. சரியாக ஒரு சாண். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது.

இரண்டு வருஷம் முன்னால் கல்யாண நாளுக்கு வெங்கடரமணன் வாங்கிக்கொடுத்த ஏழுகல் தோடு அது. தி. நகரில் பெரிய கடையில், ஏஸி ரூமில் உட்கார்ந்து வாங்கினான். ஊரில் பாதிப் பேர் என்னிடம் கல் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாங்கி முடித்து அவள் காதில் ஏறின பிறகுதான் எனக்கே தெரியும். யாரும் அதைக் கழற்றி என் கையில் தரவில்லை. எட்ட இருந்து மினுங்கியதே தவிர, கல் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஏழும் தனித்தனியாகத் தெரிந்தன.

"அப்படியே இரு நீரஜா, அசையாதே" என்றேன்.

"கண்ணு எரியறதாம்மா?"

"இல்லை. வலது காதுத் தோடு. நடுக்கல்லுக்கு நேர் கீழ இருக்கற கல்லு. குறுக்கே ஒரு கீத்து ஓடறது, மேலேர்ந்து பாதி வரைக்கும். அதுக்குப் பக்கத்துக் கல்லு மத்ததைவிட ஒரு சாயை மஞ்சள்."

வெங்கடரமணன் பேப்பரைக் கீழே இறக்கினான். "இருக்காது. கடைல பூதக்கண்ணாடி வச்சு எங்கிட்டயே காட்டினான். சர்டிபிகேட் இருக்கு."

"இருக்கட்டும்."

"அவ்வளவு பெரிய கடைம்மா."

"என்னை ஏன் கேக்கலை?"

அவன் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டான். காது வரை சிவந்துபோனான். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை.

நீரஜா மருந்துப் புட்டியை மேஜைமேல் வைத்தாள். இரண்டு கையையும் தூக்கித் திருகாணியைக் கழற்றினாள், முதலில் வலது, அப்புறம் இடது. தோடு இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதையும் பாத்துச் சொல்லுங்கோம்மா" என்றாள்.

நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.